பணம் வாங்கும் முன் அலமாரியை அளந்து பாருங்கள்

பெங்களூரில், அலமாரிக்குள் பதித்து மாட்டும் பில்ட்-இன் ஓவன் விற்கும் நிறுவனங்களுக்கும் ஷோரூம் நடத்துவோருக்கும்,

வணக்கம். நான் அல்சூரில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் சமையலறையில் ஓவன் ஒரு அலங்காரப் பொருள் இல்லை, என் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன அக்டோபர் கடைசியில் பழைய ஓவன் நின்றுபோனது. மேல் எலிமென்ட் எரிந்துவிட்டது, தெர்மோஸ்டாட்டும் போய்விட்டது, அந்த மாடலுக்கு இப்போது ஸ்பேர் வருவதில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பிளம் கேக்குக்குத் திராட்சை ரம்மில் ஊறிக்கொண்டிருந்தது. மறுநாளே ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏற்கெனவே ஓவன் இருந்த அலமாரிதான், அதில் இது உட்காருமா?" விற்பனையாளர் யோசிக்கவே இல்லை. "எல்லாம் அறுபது சென்டிமீட்டர்தான் மேடம், ஸ்டாண்டர்ட் சைஸ். தைரியமா எடுத்துட்டுப் போங்க." நானும் நம்பி முழுப் பணத்தையும் கட்டினேன்.

நான்கு நாள் கழித்து உங்கள் ஆள் மாட்ட வந்தார். நல்ல பையன், கூட ஒரு உதவியாளர். ஓவன் முப்பத்தைந்து கிலோ எடை. உள்ளே இருந்த தட்டுகளையும் கம்பிகளையும் எடுத்து, கதவையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூக்கினார்கள், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் என்று அப்போதே புரிந்தது. கீழ்விளிம்பு உள்ளே போனது. மேல்விளிம்பு மேல் பலகையில் முட்டி நின்றுவிட்டது. இறக்கி வைத்துவிட்டு டேப்பைப் பிடித்தார். அலமாரியின் உள் உயரம் 585 மில்லிமீட்டர். பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்தால் 600 வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. பழைய ஓவன் கொஞ்சம் குள்ளம், அதற்கு 585 போதுமாக இருந்திருக்கிறது. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்சுவரில், ஓவனின் முதுகு வரவேண்டிய இடத்தில் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட். அதில் பிளக்கைச் சொருகினால் இரண்டு இஞ்சுக்கு மேல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். உயரத்தைச் சரிசெய்தாலும் ஓவன் முழுதாக உள்ளே போகாது.

"கார்பென்டரைக் கூப்பிட்டு ரெடி பண்ணி வைங்க, அப்புறம் வர்றோம்" என்றார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுப் பக்கத்து பாயின்ட்டில் சொருகிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார். ஒரு படிவத்தில் "சைட் ரெடி இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளக்க வேண்டிய நாளில் அவரை யாரும் என் வீட்டுக்கு அனுப்பவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த அறுபது எது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அது அலமாரியின் வெளி அகலம். இருபுறமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போனால் உள்ளே மிஞ்சுவது 564. உள்பக்கம் மைக்கா ஒட்டினால் இன்னும் இரண்டு குறையும். ஓவனின் முகம் 595 இருக்கும், உடம்பு நுழைய 560 அகலமும், பெரும்பாலான மாடல்களுக்கு 600 வரை உயரமும், குறைந்தது 550 ஆழமும் வேண்டும். முகத்தின் அளவைத்தான் ஷோரூம் அட்டையில் போடுகிறீர்கள். உடம்புக்கு வேண்டிய கட்-அவுட் அளவு, அதாவது அலமாரியில் விடவேண்டிய திறப்பின் அளவு, கையேட்டில் இருக்கிறது, கையேடு பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியைப் பிரிப்பது பணம் கட்டிய பிறகு. முதல் ஓவன் வாங்குகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஆசாரி அதைப் பார்த்து அலமாரி செய்வார். பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைக்கிறவர் நிலைமை வேறு. அலமாரி ஏற்கெனவே நிற்கிறது, அது இனி வளராது.

இன்னொன்று. உங்கள் கையேடு மில்லிமீட்டரில் பேசுகிறது. எங்கள் ஆசாரி இஞ்சிலும் நூலிலும் பேசுகிறார், எட்டு நூல் ஒரு இஞ்சு. பதினைந்து மில்லிமீட்டர் குறைகிறது என்று போனில் சொன்னபோது அவர் பதிலே சொல்லவில்லை. நேரில் வந்து டேப்பை வைத்துப் பார்த்ததும், "அஞ்சு நூல்தானேம்மா, கீழ்ப் பலகையை இறக்கிடலாம்" என்றார்.

இறக்குவதும் லேசாக முடியவில்லை. ஓவன் உட்காரும் உயரமான அலமாரியில், அதாவது டால் யூனிட்டில், ஓவனுக்குக் கீழே டிராயர் இருக்கிறது. பலகை இறங்கினால் டிராயரின் மேல்விளிம்பு உரசும். அதைக் கழற்றிப் பக்கப் பலகைகளைச் சீவி, டிராயர் ஓடும் சேனலை மாற்றி அடித்தார். முழுசாக ஒரு நாள். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, பலகைக்கும் பின்சுவருக்கும் இடையில் இருந்த சந்து இடைவெளியையும் பட்டி வைத்து அடைக்கப் போனார். ஓடிப்போய்க் கையேட்டின் படத்தைக் காட்டித் தடுத்தேன். அந்தச் சந்து காற்று போக வேண்டிய வழி. ஓவனுக்குள் இருக்கும் கூலிங் ஃபேன் கீழிருந்தும் பின்னாலிருந்தும் குளிர்ந்த காற்றை இழுத்து, கதவுக்கு மேலே முன்பக்கமாகத் தள்ளுகிறது. வழியை அடைத்தால் சூடு கன்ட்ரோல் போர்டில் ஏறும், மைக்கா ஒட்டிய பசையும் விட்டுப்போகும். முப்பது வருஷ அனுபவம் உள்ள ஆசாரி அவர். அவரிடம் இதை ஒருவரும் சொன்னதில்லை.

கரன்ட் விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓவனில் ஒட்டியிருக்கும் தகட்டில் 3,000 வாட் என்று இருக்கிறது. 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். நான் ஒரு தடவை கேக் வைத்தால் ஒரு மணி நேரம், டிசம்பரில் நாளுக்கு ஏழெட்டு மணி நேரம். இதைப் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டச் சொல்லலாமா? பிளக் கறுத்து, பாக்ஸ் உருகி, மரத்தால் செய்த அலமாரிக்குள் தீப்பிடித்தால் யார் பார்ப்பது? பாத்திரம் கழுவிக்கொண்டே மாமியார் நிற்கும் இடம் அது. என் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தபோது பழைய பாயின்ட்டும் மைக்ரோவேவும் ஒரே ஒயரில் இருந்தன. அவர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, கரன்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யும் தனியாகப் போட்டு, பாயின்ட்டைப் பக்கத்து அலமாரிக்குள் கொண்டுவந்தார். இப்போது கதவைத் திறந்து கைநீட்டினால் சுவிட்ச் எட்டுகிறது.

இதெல்லாம் முடிந்து உங்கள் ஆள் மறுபடி வந்து மாட்டியபோது பதினெட்டு நாள் போயிருந்தது. மாட்டுவதற்கு அவருக்கு இருபது நிமிஷம்தான் ஆனது. ஓவனை உள்ளே தள்ளி, கதவைத் திறந்தால் ஓரத்தில் தெரியும் நான்கு துளைகளில் திருகாணி முடுக்கி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெறும் ஓவனை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொன்னார், புது எண்ணெய் வாடை போக. அந்தப் பதினெட்டு நாளில் நான் திருப்பி அனுப்பிய ஆர்டர்கள் எல்லாம் வருஷா வருஷம் என்னிடம் வருகிற ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் வீடுகளுடையவை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பழைய ஓவனை மாற்றுகிறேன் என்று ஒருவர் வந்தால், பணம் வாங்குவதற்கு முன்னால் டேப்போடு ஒரு ஆளை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். அகலம், உயரம், ஆழம், பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர், பின்னால் காற்றுக்கு வழி உண்டா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அதற்குக் கட்டணம் வாங்கினாலும் தருகிறோம். ஷோரூம் அட்டையில் கட்-அவுட் அளவைப் பெரிய எழுத்தில், இஞ்சிலும் சேர்த்துப் போடுங்கள். ஆசாரிக்குக் கொடுக்க அந்த ஒரு பக்கப் படத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்துத் தாருங்கள், இந்த ஊரில் மரவேலை செய்கிறவர்களில் ரொம்பப் பேர் பேசும் மொழிகள் அவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யோசனையை உங்கள் ஆட்கள் இனி எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது.

என் டிராயரின் உள்பக்கத்தில் ஆசாரி பென்சிலால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: அகலம் 562, உயரம் 600, ஆழம் 570. பக்கத்திலேயே இஞ்சும் நூலும். அடுத்த முறை உங்கள் கடைக்கு வரும்போது அதைப் படமெடுத்துக்கொண்டு வருவேன். உங்கள் அட்டையிலும் அதே அளவுகள் எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்