அம்மம்மாவுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி மண்ணில் 87 வயது வரை வாழ்ந்து கண்மூடினார். அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியக் கிரியைகள் முடிந்துவிட்டன. செத்தவீட்டன்று வந்த சனத்தில் எல்லோருக்கும் முகம் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, கடைசி ஐந்து மாதமும் வீடு தேடி வந்து பார்த்த தாதிக்கு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும், இழுக்கக் கூடாது, கீழே நாலாக மடித்துப் போட்ட சேலையோடு இரண்டு பேர் தூக்கித் திருப்ப வேண்டும் என்று பழக்கியவர் அவர். இழுத்தால் வயதானவர்களின் தோல் உரிந்துவிடும். அங்கேதான் படுக்கைப்புண் தொடங்கும். குதிக்கால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்கவும், சாப்பாடு தீத்தியபின் அரை மணித்தியாலம் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கவும் காட்டித் தந்தார். அம்மம்மாவின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. முறை வைத்து இரவில் வந்து தங்கிய பக்கத்து வளவு அக்காமாரின் நித்திரையும் அதற்குள் இருக்கிறது. நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்த ஓட்டோக்காரத் தம்பிக்கும், பந்தல் போட்ட பொடியன்களுக்கும், எட்டுச் செலவுச் சடங்கு வரை அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி.

அம்மம்மா படுக்கையில் விழுந்த அன்று திண்ணையில் பாதி பின்னிய நீத்துப்பெட்டி ஒன்று, பிட்டு அவிக்கும் பனையோலைக் கூம்பு, இருந்தது. அதன் மேல் ஈரத்துணி. மிச்சத்தைப் பின்னி, விளிம்பு மடித்து, அவர் உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்தவர் அவரிடம் தொழில் பழகிய ஒரு பிள்ளை. அம்மம்மா பெட்டியைத் திருப்பிக் கூர்முனையை விரலால் அமத்திப் பார்த்தார். முனை இறுக்கமாக இருந்தது. பிறகுதான் தலையணைப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது.

பெட்டி எப்படிப் பின்னினார் என்று பலர் கேட்டீர்கள். பனங்குருத்தோலையை வெட்டிய அன்று அவர் பின்னத் தொடங்கியதே இல்லை. பச்சை வெளிறும் வரை இரண்டு மூன்று நாள் வெயில். பிறகு ஈர்க்கை வார்ந்தெடுத்து, ஓலையை இரவில் முற்றத்துப் பனியில் போடுவார். காலையில் அது முறியாமல் வளையும் பதத்தில் இருக்கும். கால் அங்குல அகலத்தில் சீராக வார வேண்டும். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம் என்றால் கூம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். தண்ணீரில் ஊறிய ஓலையோ பின்னும்போது அழகாக இருந்து, காய்ந்தபின் சுருங்கி இடைவெளி விடும். பிட்டு மா அதற்குள்ளால் கொட்டும். புதுப்பெட்டியை ஒருமுறை வெறுமையாக ஆவியில் வைத்தால் ஓலை மணம் போகும். அவித்து முடிந்ததும் கழுவி அடுப்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இத்தனை வருடமும் ஓலை வெட்டித் தந்த அண்ணருக்குத் தனி நன்றி. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் அவர் கை வைத்ததில்லை. அதற்கு மேல் வெட்டினால் மரம் சோர்ந்துபோகும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சீனி கண்ணால் காணக் கிடைக்காதபோது, பனங்கட்டி காய்ச்சுகிறவர்களுக்கு அம்மம்மா குட்டான், அதாவது பனங்கட்டி ஊற்றும் சிறு ஓலைப்பெட்டி, இழைத்துக் கொடுத்தார். கூலியாகப் பனங்கட்டியே வாங்கி, குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பங்கிட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டி வந்தபோது, நாலு குடும்பங்களை வீட்டில் இருத்தினார். அவர்களில் ஒரு குடும்பம் செத்தவீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதது. உங்கள் கண்ணீருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த நாட்களில் அத்தனை பேரின் பசியையும் ஆற்றியது ஒடியல் கூழ். முந்தின தையில் கிண்டிய பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியல் வீட்டில் இருந்தது. பாத்தியில் பனங்கொட்டை போட்டு மூன்று நாலு மாதத்தில் கிழங்கைக் கிண்டிவிட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. பிந்தினால் தும்பு கூடிவிடும்.

எட்டுப் பேருக்கு ஒரு பால்ப்பேணி ஒடியல் மா போதும். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இரண்டு மூன்று தரம் ஊற்றிவிடுங்கள். கசப்பு அதோடு போகும். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, இருபது பலாக்கொட்டை, கால் கிலோ மரவள்ளி, அதேயளவு பயற்றங்காய் போட்டு அவித்து, பலாக்கொட்டை மெத்தென்றானதும் அரைக் கிலோ மீன், நண்டு, இறால். பழப்புளி அதற்குப் பிறகுதான். முந்திப் புளி விட்டால் பலாக்கொட்டை கடைசிவரை அவியாது. பதினைந்து செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்துச் சேர்த்து, கடைசியாக ஊறிய மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவ வேண்டும். காய்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டிபடும்; உள்ளே கசப்பும் நிற்கும். மீன் இல்லாத நாட்களில் கருவாடு போட்டார். அதுவும் இல்லாதபோது முருங்கையிலை. பானை மட்டும் சிறுக்கவில்லை.

அம்மம்மாவிடம் இரவல் வாங்கிய கடகத்தையும் சுளகையும் திருப்பித் தரப் பலர் வந்தீர்கள். அவை உங்களிடமே இருக்கட்டும். விளிம்பு பிய்ந்தால் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வரிந்து கட்டுவதற்கு அவர் கிழித்து வைத்த நார் ஒரு கட்டு இன்னும் பரணில் இருக்கிறது.

இப்படிக்கு,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்