பொருள்: கியர் விழாத காருக்கு தவறான வைத்தியம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கார் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் விளம்பரத்தைத் தமிழ் வானொலியில் கேட்டுத்தான் வந்தேன். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். மலாயில் ஒரு பிரதி தயாராக இருக்கிறது. அது யாருக்குப் போகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுடைய 'கிளட்ச் பேக்கேஜ்' என்னவென்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பில் எண்ணும் வண்டி எண்ணும் உங்கள் கணினியில் இருக்கின்றன. 880 வெள்ளி (ரிங்கிட்). கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து. 6 மாத உத்தரவாதம் என்று பில்லின் அடியில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.

என் வண்டி 2003 புரோட்டோன் வாஜா கார், மேனுவல். கவுண்டரில் நான் சொன்னது இதுதான்: "என்ஜினை நிறுத்திட்டா எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுது. ஸ்டார்ட் பண்ணி நின்ன இடத்துல ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துது, ஒண்ணாவது கியரும் தள்ளுது. பெடலை ரெண்டு தடவை பம்ப் பண்ணினா விழுந்துடுது." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் வண்டியின் நோயைச் சொல்ல முடியுமா? பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் 26 வருஷம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஆனால் உங்கள் பையன் தாளில் எழுதியது 'கிளட்ச் ஸ்லிப்'.

ஐயா, ஸ்லிப் என்பது வேறு. மேடேறும்போது நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் சுற்றும், வண்டி ஓடாது, கருகல் வாசம் வரும். என் வண்டி அந்த வாரம்தான் ஆயர் ஈத்தாம் மேட்டில் நாலு பேரோடு ஏறியது. எனக்கிருந்தது கிளட்ச் வழுக்குவதல்ல, பெடலை மிதித்தும் கிளட்ச் என்ஜினிலிருந்து முழுசாக விடுபடாதது. பிடிக்காததும் விடாததும் ஒன்றா? கல்யாணமானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, கிளட்சை மாற்றினீர்கள். இரண்டு நாள் வண்டி உங்களிடம் இருந்தது. பழைய தட்டைக் காட்டுங்கள் என்றேன். தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். எட்டு நாள் நன்றாக ஓடியது, அதை மறுக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பிறை டோலுக்கு முன்னால் வரிசையில், ஒண்ணாவது கியரில் பெடலைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு நிற்கிறேன். வண்டி தானாக நகர்கிறது! முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்து என்ஜினை அணையவிட்டேன். பின்னால் இருந்த லோரிக்காரர் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது. புது கிளட்ச் போட்டு ஒன்பது நாள்!

நான் இருப்பது பெருநிலத்தில், செபராங் ஜெயாவில். பினாங்குத் தீவிலுள்ள உங்கள் கிளைக்கு வர ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி 74 காசு டோல், பாலத்தில் 13.5 கிலோமீட்டர். நெரிசலில் கியர் விழாத வண்டியோடு அந்தப் பாலத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அது எத்தனை நீளம் என்று தெரியும். திரும்பும் வழிக்கு டோல் கிடையாது. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

மூன்றாவது பயணத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காலை 9 மணிக்கு அப்பாயின்மென்ட். நீங்கள் கொடுத்த நேரம், நான் கேட்டதல்ல. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு 8.40க்கே வந்துவிட்டேன். ஒரு மணிக்கு ஒரு பெண் வந்து, "கியர்பாக்ஸ் பார்க்கிறவர் இன்னிக்கு லீவு அங்கிள்" என்றார். நாலு மணி நேரம் நான் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? சுவரில் உங்கள் 'நேர்மையான சேவை' போஸ்டரை.

நாலாவது முறைதான் அந்த கியர்பாக்ஸ் ஆள் இருந்தார். நெஞ்சில் பெயர் அட்டை இருந்தது, பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். வண்டியை ஒருதரம் சுற்றினார். பானெட்டைத் திறக்கவில்லை. பெடலுக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை. "சிங்க்ரோ போச்சு அங்கிள். கியர்பாக்ஸ் ஓவர்ஹால், 2,600. பேசாம பழைய இரும்புக்கடையில எடை போட்டா அதைவிட லாபம்." பக்கத்தில் நின்ற இன்னொருவர் சிரித்தார். நான் கேட்டேன், சிங்க்ரோ (கியர்பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) போயிருந்தால் ஓடும்போதுதானே ஒன்றிரண்டு கியர் கரகரக்கும், நிற்கும்போது எல்லா கியரும் ஏன் முரண்டு பிடிக்கிறது, பெடலை இரண்டு முறை அடித்தால் ஏன் விழுகிறது என்று. அதற்கு அவர், "நீங்க கிளட்ச்சு மேலேயே கால வெச்சு ஓட்டுறீங்க போல." 34 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். என் மகள் இந்த வண்டியில்தான் பழகி முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்தாள்.

பழைய இரும்பாம். என் அம்மாவைத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருஷா வருஷம் கூட்டிப் போன வண்டி அது. இந்த வருஷம் வாடகைக் காரில் போனோம். இறங்கும்போது அம்மா, "நம்ம வண்டி எங்கடா?" என்று கேட்டார். அதற்கு உங்கள் பேக்கேஜில் என்ன விலை?

மன்னிக்கவும், வரிசை மாறிப் போய்விட்டது. உங்கள் தொலைபேசி சேவையிலும் ஏழு முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் புதியவர், ஒவ்வொரு முறையும் கதை முதலிலிருந்து. அதை இங்கே நீட்டவில்லை.

கடைசியில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பின்னால் கூரைத்தகரம் போட்ட பட்டறை வைத்திருக்கும் ஒரு போமனிடம் (மெக்கானிக்கிடம்) போனேன். அவர் செய்த முதல் வேலை, கதவைத் திறந்து, மண்டியிட்டு, பெடலுக்கு மேலே என்ஜின் பக்கத் தகரச் சுவரிலிருந்து வரும் கம்பியை விரலால் தடவியது. விரல் நனைந்திருந்தது. காலடியில் விரித்திருந்த மிதியடியைத் தூக்கினார், அடியில் கிளட்ச் எண்ணெய் ஊறிக் கிடந்தது. "அண்ணே, கிளட்ச் மேல் பம்ப் ரப்பர் போச்சு. மிதிக்கிற அழுத்தம் கீழ போய்ச் சேரல. அப்புறம் கிளட்ச் எப்படி விடும்?" ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேல் பம்ப், கீழ் பம்ப் இரண்டையும் மாற்றி, குழாயிலிருந்த காற்றெடுத்து, புது எண்ணெய் விட்டு 190 வெள்ளி. நீங்கள் கிளட்ச் மாற்றும்போது எண்ணெயை நிரப்பியிருப்பீர்கள், அதனால்தான் எட்டு நாள் ஓடியது என்றார். அதாவது எண்ணெய் குறைந்திருந்ததை உங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கே போனது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

880 வெள்ளி, நாலு டோல், பெட்ரோல், வாடகைக் கார், போன விடுப்பு, என் இரத்த அழுத்தம், எல்லாம் சேர்த்தால் 5,000 வெள்ளிக்குக் குறையாது. அதை நான் கேட்கவில்லை. கேட்பது மூன்று: 880 வெள்ளி திரும்ப வேண்டும். என் பழைய கிளட்ச் தட்டு வேண்டும், அது எந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இரும்புக்கடை ஆள் என்னிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சிரித்தவர் பக்கத்தில் இருக்க.

உங்கள் கிளையில் வேலை செய்யும் எல்லாரும் மோசம் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் போத்தல் கொடுத்த அந்தக் காவலாளிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் மலாய்ப் பிரதி பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகும். 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை வழக்கு எடுப்பார்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், கூலி வாங்கிச் செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இன்னொரு பிரதி பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு. அந்த அளவுக்குப் போகாமல் முடிந்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பம்ப் பில்லையும் எண்ணெய் ஊறிய மிதியடியின் படத்தையும் இணைத்திருக்கிறேன். மிதியடியைக் கழுவவில்லை, சாட்சிக்கு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செபராங் ஜெயா வாடிக்கையாளர்

பி.கு.: தொலைபேசியில் அழைப்பதாக இருந்தால் மாலை 6 மணிக்கு மேல் அழைக்கவும். புதியவர் யாரையாவது பேச வைப்பதாக இருந்தால், முதலில் இந்தக் கடிதத்தை அவரைப் படிக்கச் சொல்லவும்.