அரசியலுக்குப் போன ஒரு பேராசிரியரைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இலக்கியம் படித்தவன் அரசியலுக்குப் போனால் இலக்கியமும் போச்சு, அரசியலும் உருப்படாது என்று போன மடலில் எழுதியிருந்தாய். உதாரணத்துக்கு நம்மூர் ஆட்களாகவே அடுக்கியிருந்தாய். அவர்களைப் பற்றிப் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சும். அதனால் நம் இருவருக்கும் வேண்டியவர், வேண்டாதவர் என்று சொல்ல முடியாத ஒருவரைச் சொல்கிறேன். பால்டிக் கடலோரத்துச் சின்ன நாடான எஸ்தோனியாவின் குஸ்தாவ் சூய்ட்ஸ். கவிஞர், இலக்கிய ஆய்வாளர், கொஞ்ச காலம் கட்சிக்காரர்.

1883இல் தெற்கு எஸ்தோனியாவில் வொன்னு என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அப்போது ஆட்சி ரஷ்யப் பேரரசரிடம். நிலம் ஜெர்மன் பிரபுக்களிடம். தார்த்து நகரப் பல்கலைக்கழகத்தில் முன்பு ஜெர்மனில் பாடம் நடந்தது, பிறகு அதை ரஷ்ய மொழிக்கு மாற்றினார்கள். எஸ்தோனிய மொழி குடியானவன் வீட்டு மொழி; அதில் உயர்கல்வி என்ற பேச்சே கிடையாது. இந்த நிலையில் 1901இல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, நண்பர்களைச் சேர்த்து ஓர் இலக்கியக் குழு ஆரம்பித்துத் தொகுப்பும் போட்டார்.

1905இல் வந்ததுதான் பெரிய விஷயம். 'இளம் எஸ்தோனியா' என்ற குழுவின் முதல் தொகுப்பு. அதில் இளைஞர்களின் முயற்சிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு வாசகம் இருக்கிறது: "எஸ்தோனியராக இருப்போம், ஆனால் ஐரோப்பியராகவும் ஆவோம்!" அந்த நாட்டில் இது தெரியாதவர்கள் குறைவு. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த ஒரு நாட்டுக்கு இதைவிடத் தோதான வாசகம் எங்கே கிடைக்கும்? ஆனால் அதற்குச் சற்று முன்னால் அவர் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னும் பண்பாடு வேண்டும், விடுதலைக்கான எல்லா எண்ணங்களுக்கும் முயற்சிகளுக்கும் அதுவே முதல் நிபந்தனை என்கிறார். அதாவது பேச்சு விடுதலையைப் பற்றியது. ஐரோப்பா அதற்கான வழி. எழுதியவனுக்கு வயது 21.

அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார். அக்டோபரில் தாலின் நகரச் சந்தைத் திடலில் கூடியிருந்த மக்கள்மீது பட்டாளம் சுட்டதில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டிசம்பரில் கிராமத்து ஆட்கள் பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்தினார்கள். பிறகு தண்டிக்க வந்த படை சவுக்கடியும் மரண தண்டனையுமாக ஊர் ஊராகச் சுற்றியது. இந்த ரகளைக்கு நடுவே பண்பாடுதான் முதல் நிபந்தனை என்று ஒருவன் சொன்னால் நீயும் நானும் சிரித்திருப்போம். அவருடைய முதல் கவிதைத் தொகுதியும் அதே வருஷம்தான் வந்தது: 'வாழ்வின் தீ'. பெயரே சொல்லிவிடுகிறது. எட்டு வருஷம் கழித்து, 1913இல், 'காற்றின் நாடு'. அதில் பழைய சூடு இல்லை. கனவு கலைந்தவனின் குரல். நான் மொழிபெயர்ப்பில் படித்தவன்தான், இருந்தாலும் இரண்டாவதே உசத்தி என்பேன். முதலாவதில் மேடைப்பேச்சு வாடை கொஞ்சம் தூக்கல்.

இடையில் ஹெல்சிங்கியில் படிப்பு, அங்கேயே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை, ஆய்னோ என்ற பின்லாந்துப் பெண்ணோடு 1911இல் கல்யாணம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 1917இல் ரஷ்யாவில் முடியாட்சி விழுந்ததும் சூய்ட்ஸ் எஸ்தோனிய சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சியில் இறங்கினார். பிரபுக்களின் நிலம் உழுகிறவனுக்குப் போக வேண்டும் என்ற கட்சி. 'எஸ்தோனிய உழைப்பாளர் குடியரசு' என்று ஒரு திட்டத்தையும் முன்வைத்தார். நாட்டில் நடந்தது வேறு. 1918 பிப்ரவரி 24இல் அறிவிக்கப்பட்டது சாதாரண ஜனநாயகக் குடியரசு. 1919இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தபோது மொத்தம் 120 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 7. அதே வருஷம் அக்டோபரில் அந்தச் சபை பிரபுக்களின் நிலத்தை எடுத்துக்கொள்ளும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆக, கேட்டது கிடைத்தது. கொடுத்தவர்கள் வேறு கட்சிக்காரர்கள். கட்சிக்காரராக அவர் சோபிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதுவரை நீ சொன்னதுதான் சரி.

ஆனால் கணக்கை அங்கேயே முடித்துவிடாதே. 1919 டிசம்பர் 1இல் தார்த்து பல்கலைக்கழகம் எஸ்தோனிய மொழியில் திறந்தது. 1632இல் தொடங்கிய இடம் அது. மண்ணின் மொழி அங்கே பாடமொழியாக ஏறுவதற்கு இவ்வளவு காலம் ஆனது. 1921இல் எஸ்தோனிய இலக்கியத்துக்கும் பொது இலக்கியத்துக்குமான ஆசிரியராகச் சூய்ட்ஸ் சேர்ந்தார். அந்தப் பொறுப்பில் அவர்தான் முதல் ஆள். 1924இல் பல்கலைக்கழகத்து இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார், 1931இல் பேராசிரியர் ஆனார். குடியானவன் மொழி என்று தள்ளிய மொழியின் எழுத்தை, பிற ஐரோப்பிய இலக்கியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே உண்டாக்கினார். 1905இல் கட்டுரையில் கேட்டது இதைத்தானே? சபையில் 7 இடம் வாங்கிய கட்சியால் ஆகாத காரியம் இது.

அந்த வேலை எவ்வளவு மெல்லிய சரக்கை வைத்து நடந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எஸ்தோனிய மொழியில் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் புத்தகம் 1535இல் வந்த ஒரு கிறிஸ்தவ ஞானோபதேச வினாவிடை. 1929 வரை அதன் ஒரு தாள்கூட ஆய்வாளர் யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. அந்த வருஷம், வேறொரு பழைய புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டியிருந்த கழிவுத் தாள்களைப் பிரித்தபோது பதினொரு பக்கங்களின் துண்டுகள் கிடைத்தன. முழுப் பக்கம்கூட இல்லை. சூய்ட்ஸ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருடைய பாடத்தின் முதல் பக்கமே கண்டெடுக்கப்பட்டது.

பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 1940இல் சோவியத் படை வந்தது. 1941இல் ஜெர்மன் படை வந்தது. அந்தச் சண்டையில் தார்த்து எரிந்தபோது அவர் வீடும் நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. 1944இல் சோவியத் படை திரும்பி வந்தபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்தோனியர்கள் கடல் கடந்து ஓடினார்கள். சூய்ட்ஸ் குடும்பம் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தது. எரிந்துபோன நூலகத்தை நினைவில் வைத்துக்கொண்டு எழுபதை நெருங்கும் வயதில் எஸ்தோனிய இலக்கிய வரலாற்றை எழுதினார். முதல் பாகம் 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து வந்தது. இரண்டாம் பாகத்தை முடிக்க அவர் இல்லை. 1956 மே மாதம் காலமானார். கடைசிக் கவிதைத் தொகுதி 1950இல் ஸ்டாக்ஹோமில் வந்தது. 'தீயும் காற்றும்' என்று பெயர் வைத்திருந்தார். 1905, 1913 இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்துக் கட்டின மாதிரி.

நீ கேட்பாய், அவர் 1917இல் கட்சிப் பக்கம் போகாமல் நேரே வகுப்பறைக்குப் போயிருக்கலாமே என்று. போக எந்த வகுப்பறை இருந்தது? அந்த மொழியில் பாடம் சொல்லும் பல்கலைக்கழகம் வருவதற்கு முதலில் ஒரு நாடு வேண்டியிருந்தது. அந்த நாட்டுக்காக அலைந்த பலரில் அவரும் ஒருவர். அவருடைய திட்டம் தோற்றது. நாடு வந்தது, பல்கலைக்கழகம் வந்தது, வேலையும் வந்தது. இதில் எந்தப் பகுதியை வெட்டி எறியச் சொல்கிறாய்?

அவர் கவிதைகள் ஆங்கிலத் தொகை நூல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும். தெற்கு எஸ்தோனிய வட்டார வழக்கில் எழுதியவற்றை மொழிபெயர்ப்பில் படிப்பதில் பாதி போய்விடும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. படித்துவிட்டு எழுது. நம்மூர் ஆட்களைப் பற்றிய சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் இரண்டு பேரை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அன்புடன்,
அண்ணன்