மனை பார்ப்பதென்றால் கார்த்திகையில் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புறநகரில் குறைந்த செலவில் வீடு வாங்க நினைப்பவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட யோசனைகளைப் படித்தேன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, டிடிசிபி எனும் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், வங்கிக் கடன் எல்லாம் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் டெல்டாவில் இருக்கிற எங்களுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. மழைத் தண்ணீர் அந்த மனைக்கு எந்தப் பக்கமிருந்து வரும், எந்த வழியாக வடியும்?

நானும் என் கணவரும் 20 லட்சத்துக்குள் கும்பகோணத்தைச் சுற்றி இடம் தேடினோம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் எத்தனையோ வாய்க்கால்கள். இங்கே விலை மலிவு என்று காட்டுகிற, 'நகர்' என்று பெயர் வைத்த புது மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை சமீப காலம் வரை நெல் விளைந்த நஞ்சை. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கேற்ற பள்ளம், அதற்கேற்ற களிமண். அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், அஸ்திவாரச் செலவு அங்கேயே கூடிவிடும்.

சித்திரையில் நன்றாக இருந்த ஒரு இடத்தைக் கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தோம். மனைக்கல்லின் மஞ்சள் தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஏற்கெனவே கட்டிக் குடிவந்திருந்த ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகப் பாசிக் கோடு. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால், "செப்டிக் டேங்க் நெறஞ்சு உள்ளயே திரும்பி வருதும்மா, மழை புடிச்சா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம்" என்கிறார். காரணம் பக்கத்திலேயே இருந்தது. வயலாக இருந்த காலத்தில் ஓடிய வடிகால் வாய்க்காலை மூடி அதன்மேல் ரோடு போட்டு, அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாயை வைத்திருக்கிறார்கள், அதுவும் குப்பை அடைத்துக் கிடக்கிறது. கூட வந்த புரோக்கர், "மழை பேஞ்சா எங்கதான் தண்ணி நிக்கல அக்கா, மண்ணு அடிச்சிட்டா சரியாயிடும்" என்றார்.

மண் அடிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1200 சதுர அடி மனையை ரோட்டு மட்டத்துக்கு 3 அடி ஏற்ற வேண்டுமென்றால் 3600 கன அடி, ஒரு யூனிட் 100 கன அடி என்பதால் 36 யூனிட் மண். ஒரு லாரிக்கு 3 யூனிட் என்று வைத்தாலும் 12 லோடு. கொட்டிய மண் அமர்ந்தபின் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும், அதற்குள் ரோட்டைப் புதிதாகப் போட்டு அரை அடி உயர்த்திவிடுவார்கள். மலிவு மனையின் மலிவு இதிலேயே போய்விடுகிறது. நாம் ஏற்றிய மண்ணால் தண்ணீர் ஒதுங்கிப் பக்கத்து மனைக்காரர் வீட்டுக்குள் போகிறதே, அதை யாரும் நினைப்பதில்லை.

அரசின் இணையதளத்தில் பட்டா, சிட்டாவோடு ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் பார்க்கலாம். வாய்க்கால் புறம்போக்கு என்று பக்கத்துப் புல எண் எதிலாவது இருந்தால் அந்த வாய்க்கால் இப்போது தரையில் எங்கே இருக்கிறது என்று நடந்து போய்த் தேடுங்கள். ஒப்புதல் இல்லாமல் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, அதைக் காட்டி 'ரெகுலரைஸ் பண்ணின மனை' என்று விற்கிறார்கள். பத்திரம் பதிய அது உதவும், பள்ளத்தை மேடாக்காது.

இன்னொன்று அடிமனை. எங்கள் பக்கத்தில் கோயிலுக்கும் மடங்களுக்கும் சொந்தமான தெருக்கள் ஏராளம். கட்டடம் மட்டும் வீட்டுக்காரருக்குச் சொந்தம், தரைக்கு மனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். வீடு பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். உரிய அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றுப் பத்திரம் போட பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு இடம் தராது, வங்கியிலும் கடன் கிடைக்காது.

சரி, அப்படியானால் எங்கேதான் வாங்குவது? என் அபிப்பிராயம், ஊருக்குள் போங்கள். டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் உள்ள பழைய கிராமங்களில் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். எது மேடு, எது பள்ளம் என்று பார்த்துத்தான் அந்தக் காலத்தில் குடியிருப்பை வைத்தார்கள். நாங்கள் அப்படி ஓர் ஊரில் நத்தம் பட்டாவோடு 700 சதுர அடியில் ஒரு ஓட்டு வீட்டை வாங்கினோம். குறைகள் உண்டு: ஒரு பக்கம் பொதுச் சுவர், சந்து குறுகல், லாரி உள்ளே வராது. ஆனால் டவுன் பஸ் வாசலில் நிற்கிறது. 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் துணிக்கடை வேலைக்குப் போகிற எனக்குப் போக்குவரத்துச் செலவே இல்லை. ஊருக்கு வெளியே உள்ள புது 'நகர்' ஒன்றில் வாங்கியிருந்தால் ஸ்கூட்டி தவணையும் பெட்ரோலும் சேர்ந்திருக்கும். கடனைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போட வேண்டாமா?

தஞ்சாவூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வல்லம் பக்கம் உண்டு, செம்மண் மேடு, தண்ணீர் நிற்காது. அங்கே போர்வெல்தான் ஆழமாகப் போக வேண்டும், அதனால் பக்கத்து வீடுகளில் கோடையில் தண்ணீர் வருகிறதா என்று வைகாசியில் போய்க் கேளுங்கள்.

உங்கள் பத்திரிகை வழியாக அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது ரோட்டு மட்டத்திலிருந்து மனை எத்தனை அடி பள்ளம், பழைய வாய்க்கால் எந்த வழியாகப் போனது என்பதை வரைபடத்திலும் மனைப்பிரிவு வாசலில் வைக்கிற பலகையிலும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாங்க வருகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம் வட்டம்.