ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்கு என் முழங்கால்தான் காரணம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். கால் வலிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். சரி, சோம்பல் என்றே வைத்துக்கொள். இங்கே சம்பா கதிர் வாங்கிவிட்டது. பெரியவனுக்குச் சென்னைக்கே மாற்றல் வந்துவிட்டது. வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு பூனையும்தான். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

உன் பேத்தி ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்ததில் எனக்கு உன்னைவிட அதிக சந்தோஷம். 'தரவு சேகரிக்கிறேன், தரவு சேகரிக்கிறேன் என்கிறாள், அப்படி என்னடா அது, அளந்து எழுதுகிற வேலைதானே' என்று கேட்டிருந்தாய். முப்பத்தோரு வருடம் மழையை அளந்து எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா இது!

ஆமாம், அளந்து எழுதுகிற வேலைதான். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, தண்ணீரை மெஷரிங் கிளாஸில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். ஏன் எட்டரை என்று நான் சேர்ந்த புதிதில் யாரும் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, நமக்கு எட்டரை என்றால் கிரீன்விச்சில் விடியற்காலை மூன்று. உலகம் முழுக்க வானிலை நிலையங்களில் அதே நேரத்தில் ஒருவர் கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது எல்லாம் இன்றைய தேதியில் ஏறும். 'நேற்று ராத்திரி கொட்டிய மழையை ஏன் இன்றைக்கு எழுதுகிறாய்' என்று என் அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு மழை என்றால் 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை'. அதுவும் அளவுதான். ஆனால் எங்கள் கொல்லை உழவும் உங்கள் செம்மண் காட்டு உழவும் ஒன்றில்லையே!

எங்கள் நிலையத்து மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 20 மில்லி தண்ணீர் சேரும். 100 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ள மானியும் உண்டு. அதில் 10 மில்லிதான். கிளாஸில் கோடு போட்டிருப்பது மழை மில்லிமீட்டரில், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிளாஸ். இப்போது கணக்குப் போட்டுப் பார். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானதே, அது எங்கள் மானியில் பெய்திருந்தால் 19 லிட்டர்! அவ்வளவு கொள்ளும் பாட்டில் எந்த மானியிலும் கிடையாது. நடுராத்திரியில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து அளந்து, கொட்டி, மறுபடி வைத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தச் செய்தியைப் படித்தபோது வெள்ளத்தைவிட முதலில் எனக்கு பாட்டில்தான் ஞாபகம் வந்தது. தொழில் புத்தி.

கிளாஸ் பற்றி ஒரு கதை. ஒரு ஐப்பசியில் எங்கள் கிளாஸ் கை தவறி உடைந்தது. கை என்னுடையதுதான். ஸ்டோரிலிருந்து புதிது வந்தது, அளந்தேன், எழுதினேன். இருபது நாள் கழித்துப் பக்கத்து ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டால் எங்கள் மழை இரண்டு மடங்கு! வந்தது 100 சதுர சென்டிமீட்டர் மானிக்கான கிளாஸ். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் 'கிளாஸ் உடைந்தது, இன்று முதல் புதியது' என்று பதிவேட்டு ஓரத்தில் தேதியோடு ஒரு வரி கிறுக்கியிருந்தேன். அந்த வரி காப்பாற்றியது. அந்தத் தேதிக்குப் பிறகு இருந்த எண்களை எல்லாம் பாதியாக்கினோம், கதை முடிந்தது.

முடியாத கதை ஒன்றும் உண்டு. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் பேத்தி வயது இருக்கும். கனமழை நாட்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்கிறாளாம். எங்கள் பழைய பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினாள். நான்காம் நாள் என்னிடம் வந்து, 'ஐயா, இந்த ஊரில் ஒரு பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்யவில்லையே, ஏன்?' என்றாள். முதலில் சிரித்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஞாயிறு எல்லாம் சுழியம். திங்கள் எல்லாம் கனமழை. எனக்கு முன்னால் இருந்தவர் வார விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு, திங்கள் காலை வந்து இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து அளந்திருக்கிறார். மாதக் கூட்டல் சரியாக வந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் அவள் தேடியதோ ஒரு நாளில் எவ்வளவு கொட்டியது என்பதை. இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் கணக்கில் அது மழை நாள். இங்கே இரண்டு மழை நாள் ஒன்றாகிப் போச்சு, ஒரு சாதாரண மழை கனமழையாகிப் போச்சு.

அந்த மனிதர் ஞாயிறு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது, சண்முகம். 'இது இரண்டு நாள் தண்ணீர்' என்று அவளே புரிந்துகொண்டிருப்பாள். சுழியம் என்றால் 'நான் பார்த்தேன், மழை இல்லை' என்று பொருள். காலி என்றால் 'நான் பார்க்கவில்லை'. நடுவில் ஒன்று உண்டு, அளக்க முடியாத சொட்டுத் தூறல். அதற்கு 'ட்ரேஸ்' என்று எழுதுவோம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் மேலதிகாரி கேள்வி கேட்பார், சுழியத்தைப் பார்த்தால் கேட்கமாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா? என் தங்கை மகள் கல்யாணத்தன்று நான் மண்டபத்தில் இருந்தேன். மறுநாள் வந்து, 'நல்ல தூறல்தான் சார்' என்று தோட்டக்காரர் சொன்னதை வைத்து 6.4 என்று எழுதினேன். அந்தப் புள்ளி நான்கைப் பார், அதுதான் பெரிய திருட்டு. வெறும் ஆறு என்று எழுதியிருந்தால்கூட சந்தேகம் வரும். அந்தப் பெண் அந்த வருடத்துக்கு வந்தபோது நானே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் அட்டவணையில் அந்த எண்ணை அழித்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக்கினாள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. தலைமை அலுவலகத்துக்குப் போன நகலில் 6.4 இன்னும் இருக்கும்.

இந்தக் கட்டங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம். கில்பர்ட் வாக்கர் என்று ஒருவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கணித மேதை. பருவமழை எப்போது பொய்க்கும் என்று கண்டுபிடிக்க, உலகெங்கும் இருந்து மழை, காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டி, குமாஸ்தாக்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று அதில்தான் தெரிந்தது. இன்று பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்று டிவியில் சொல்கிறார்களே, அதன் பாதிக் கதை அது. எத்தனையோ ஊர்களில் பெயர் தெரியாதவர்கள் எழுதிய கட்டங்கள்.

இன்னொன்று, பெரியவன் காட்டியது. இங்கிலாந்தில் 2020 ஊரடங்கின்போது ரெடிங் பல்கலைக்கழகத்தார் கையெழுத்து மழைப் பதிவுத் தாள்கள் 65 ஆயிரத்துக்கு மேல் இணையத்தில் வைத்து, வீட்டில் சும்மா இருப்பவர்கள் தட்டச்சு செய்து தரலாம் என்றார்கள். 16 ஆயிரம் பேர் சேர்ந்து 16 நாளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களை முடித்துவிட்டார்கள்! 1677-ல் எழுதியதுகூட அதில் இருக்கிறதாம். ஒரே எண்ணைப் பல பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முந்நூறு வருடம் கழித்து யாரோ தன் கையெழுத்தைப் படிக்க முழிப்பார்கள் என்று எழுதியவனுக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் அழகாக எழுதியிருப்பான்.

இப்போது எங்கள் நிலையத்தில் தானியங்கி. உள்ளே பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை மாதிரி ஒரு சின்னத் தட்டு, தண்ணீர் நிறைந்ததும் கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு கணக்கு. ஊருக்குப் போகாது, கல்யாணத்துக்குப் போகாது. ஆனால் புனலில் ஒரு வேப்பிலை அடைத்துக்கொண்டால் வெளியே கொட்டோ கொட்டு என்று கொட்டினாலும் சுழியம் என்றே அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் பழைய ஆசாமியும் அதுவும் ஒரே ஜாதிதான்.

பேத்தியிடம் சொல், ஓரத்தில் கிறுக்கத் தாராளமாக இடம் விட்டு நோட்டு வாங்கச் சொல்.

நானும் கொல்லையில் ஒரு மானி வைத்திருக்கிறேன், பழக்கம் விடவில்லை. இன்று காலை பார்த்தேன், 0.0. பொங்கலுக்கு உன் வீட்டுக்கு இருவரும் வருகிறோம், மூன்று நாள். பூனைக்குப் பால் ஊற்ற எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லியாகிவிட்டது. மானியையும் பார்த்துக்கொள்கிறேன் தாத்தா என்றான். வேண்டாம், அந்த மூன்று கட்டமும் காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
கணேசன்