மிளகாய் வராத காலத்தில் மிளகாய்க் கிம்ச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜாங் கும் என்ற அரண்மனைப் பெண்ணின் கதையான ‘டே ஜாங் கும்’ கொரியத் தொலைக்காட்சித் தொடருக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் நான்காம் பக்கப் பெட்டியில் ஒரு வரி: “மன்னருக்காக ஜாங் கும் மிளகாய்த்தூள் பிசைந்து செய்த அதே கிம்ச்சி, இனி உங்கள் வீட்டிலும்!” கீழே அந்தக் கொரியப் புளித்த காய்கறிக்குச் செய்முறை வேறு: முட்டைக்கோஸ் அரைக் கிலோ, மிளகாய்த்தூள் நான்கு கரண்டி, வினிகர் அரை டம்ளர்.

தொடரில் வரும் மன்னர் ஜுங்ஜோங். ஆண்ட காலம் 1506 முதல் 1544 வரை. கொரியாவுக்கு மிளகாய் வந்தது 1592இல் ஜப்பான் படையெடுத்த காலத்தையொட்டி என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அங்குள்ள நூலில் அது தெளிவாகத் தலைகாட்டுவது 1614இல். மன்னர் கண்மூடி அரை நூற்றாண்டு கழித்து வந்த சரக்கை அவர் தட்டில் வைத்த பெருமை தங்கள் இதழுக்கே உரியது. மிளகாய் என்ற சொல்லுக்குள்ளேயே மிளகு உட்கார்ந்திருப்பதும், நம் அடுப்புக்கே அது போர்த்துக்கீசியர் வந்தபின் வந்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஜாங் கும் காலத்துக் கொரியாவில் மிளகுகூடக் கடல் தாண்டி வந்த அரும்பொருள். 1592 போருக்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த ஜப்பானியத் தூதர் விருந்து நடுவே மிளகை அள்ளி இறைத்தாராம். பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் வேலையை விட்டுவிட்டு முண்டியடித்துப் பொறுக்கியதை அமைச்சர் யூ சோங் ரியோங் எழுதி வைத்திருக்கிறார்.

முட்டைக்கோஸ் அதைவிடக் கூத்து. இன்று கிம்ச்சிக்குப் போடும் இதழ் இறுகிய நீளக் கோஸே பிற்காலத்தில் பரவியதுதான். அன்று முள்ளங்கி, வெள்ளரி, கத்தரி. வினிகர் ஊற்றினால் அது வெறும் ஊறல். கிம்ச்சி தானாகப் புளிக்க வேண்டும். மிளகாய் இல்லாத கிம்ச்சிதான் வேண்டுமென்றால் தோங்சிமி என்ற முள்ளங்கித் தண்ணீர்க் கிம்ச்சி போட்டிருக்கலாம். ஒரு கிலோ வெள்ளை முள்ளங்கியை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பில் பிரட்டி ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் இரண்டு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 40 கிராம் உப்பு கரைத்து ஊற்றி, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு ஆறு பல், பேரிக்காய் பாதி, வெங்காயத்தாள் சேர்த்தால் ஆயிற்று. பூண்டை நசுக்கினால் நீர் கலங்கிவிடும். வில்லையாக்கித் துணியில் முடிந்து போட வேண்டும். முள்ளங்கி நீருக்கு மேலே தலை நீட்டினால் வெள்ளைப் பூஞ்சாளம் படரும். மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைக்கலாம். உப்பைக் குறைத்தால் காய் கொழகொழத்துப் போகும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் வெளியே இருந்தால் போதும். குமிழி கிளம்பியதும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பெட்டிச் செய்திக்கு இவ்வளவு இடம் இல்லை என்பீர்கள். ஆறு பக்கத்தில் மூன்று பக்கம் நாயகியின் புகைப்படம்.

பழைய பாக்கியும் இருக்கிறது. முந்தைய ஒரு இதழில் சங்குங் என்ற பதவியை ‘வேலைக்காரி’ என்று எழுதினீர்கள். சிறு பெண்ணாக அரண்மனைக்குள் நுழைந்து, 15 ஆண்டு பழகி, முறைப்படி அரண்மனைப் பெண்ணாகி, அதற்குமேல் இன்னொரு 15 ஆண்டு போல உழைத்தால் எட்டும் ஐந்தாம் படிநிலை அது. அரண்மனைப் பெண்களுக்கு அதற்கு மேல் படி கிடையாது. ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி தொடரில் ஹான் என்ற சங்குங் சிறுமி ஜாங் குமைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறாரே, அந்தக் காட்சியை எழுதியவர் பார்க்கவில்லை போலும். வயிறு வலிக்கிறதா, தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் சிறுமி வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மெல்லக் குடியுங்கள் என்று நீட்டுவாள். வேலைக்காரி கற்றுக்கொடுக்கிற பாடமா அது?

இன்னொரு முறை, ‘விஷம் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும்’ என்று தலைப்பே போட்டீர்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அக்காலப் பாஷாணத்தில் கந்தகக் கலப்பு இருந்ததால் கறுத்தது. சுத்தமான பாஷாணத்துக்குக் கறுக்காது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்கோ ஒரு பாவமும் அறியாமல் கறுக்கும். கரண்டியை மட்டும் நம்ப முடியாததால்தான் முதல் வாய் உண்டு பார்க்க ஒரு சங்குங் உட்கார்ந்திருப்பார். மன்னருக்கு ‘12 பதார்த்தம்’ என்றதும் அரைகுறை. சோறு, சூப், கிம்ச்சி, குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறுகள் எதுவும் அந்தப் பன்னிரண்டில் சேராது. கடைசி அரண்மனைச் சமையலறைப் பெண்களில் ஒருவரான ஹான் ஹீ சுன் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

‘முழுக்க உண்மைக் கதை’ என்ற வரியைப் பற்றி என்ன சொல்ல! அன்று கொரியாவை ஆண்ட ஜோசோன் மரபின் அரச வரலாற்றேட்டில் ஜாங் கும் பத்து இடம் போலத்தான் வருகிறார், எல்லாமே மருத்துவப் பெண்ணாக. 1515இல் இளவரசரைப் பெற்ற அரசி இறந்தபோது இவரைத் தண்டிக்கச் சொன்னார்கள். 1544இல் நோயில் கிடந்த மன்னர், தன் உடல்நிலை அந்த மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும் என்றார். சமையலறை என்ற பேச்சே அதில் இல்லை. அது தொடர் எழுதியவரின் கற்பனை, நல்ல கற்பனை. அந்த ஏட்டின் கண்டிப்பைச் சொல்ல வேண்டுமானால், 1404இல் குதிரையிலிருந்து விழுந்த மன்னர் தேஜோங், ஏடு எழுதுபவருக்கு இது தெரியக் கூடாது என்றார். அப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதி வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன்.

வேண்டுவது இரண்டே வரித் திருத்தம்: மிளகாய் அக்காலத்தில் இல்லை, வினிகர் வேண்டாம். வழக்கமாகத் திருத்தம் போடும், பூதக்கண்ணாடி கேட்கும் அந்த மூலையிலேயே போடுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
காரைக்குடி

பி.கு.: ஒரே கட்டுரையில் பெயர் மூன்று விதம்: ஜாங் ஜியம், ஜங்கியூம், சாங் கேயம். ‘கும்’ என்பதில் வரும் உயிர், ‘பாக்கு’ என்பதன் கடைசி உகரம் போல உதடு குவியாமல் ஒலிப்பது. குற்றியலுகரம் வைத்திருக்கும் மொழிக்காரர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தடுமாறியிருக்க வேண்டாம்.