மெயினை அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்: நான்காவது புகார்

பெறுநர்:
தலைவர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பக்கத்து வீட்டு மீட்டரின் ரீடிங்கை வைத்து 11 மாதமாக எனக்கு பில் போடுவது, முந்தைய மூன்று புகார்களுக்கும் பதில் தராதது, துண்டிப்பு நோட்டீஸைத் திரும்பப் பெறக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இந்த ஒன்றையாவது கடைசி வரி வரை படித்துவிட்டுப் பதில் எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் சின்னது. என் கணக்கில் நீங்கள் பதிந்து வைத்திருப்பது 417 என்று முடியும் மீட்டர். என் வீட்டுக்குக் கரண்ட் வருவதோ 471 என்று முடியும் மீட்டர் வழியாக. 417 பக்கத்து வீட்டுடையது. யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றித் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சரிபார்க்க ஒரு ஆளும் ஒரு டார்ச் லைட்டும் இருந்தால் பத்து நிமிடம் போதும். எனக்கு இதுவரை போயிருப்பது 11 மாதம், 26 தொலைபேசி அழைப்பு, நான்கு நாள் விடுப்பு, அப்புறம் ஒரு நல்ல ஃபிரிட்ஜ்.

ஃபிரிட்ஜ் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆதாரம். ஒரு நாள் இரவு 9 மணிக்கு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கீழே மீட்டர் அறைக்குப் போனேன். 471-இன் சிவப்பு விளக்கு அசையாமல் நின்றது. 417-இன் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அந்த விளக்கு எதற்கென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் 40 முறை சிமிட்டியது. கணக்குப் போட்டால் மணிக்கு முக்கால் யூனிட். ஒரு பல்புகூட எரியாத வீடு மணிக்கு முக்கால் யூனிட் இழுக்குமா? நண்பர் மேலே போய் மெயினைப் போட்டதும் 471 சிமிட்ட ஆரம்பித்தது. எல்லாவற்றையும் வீடியோ எடுத்து மூன்று முறை அனுப்பிவிட்டேன்.

அதற்கு உங்கள் மையத்திலிருந்து வந்த கேள்வி: "மெயினை அணைத்ததற்கு என்ன ஆதாரம்?"

சரி, வந்து பாருங்கள் என்றேன். வர மாட்டோம், மீட்டர் எங்களுடையது அல்ல, கம்பி வழியாக வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் பகிர்மான நிறுவனத்துடையது என்றார்கள். அங்கே கேட்டால், வாடிக்கையாளர் நேரடியாகக் கேட்க முடியாது, மின்சாரத்தை விற்று பில் போடும் விற்பனை நிறுவனம், அதாவது நீங்கள்தான் கோரிக்கை அனுப்ப வேண்டும் என்றார்கள். ரீடிங் எடுப்பதோ மூன்றாவதாக ஒரு ஒப்பந்த நிறுவனம். "எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் உள்ள எண்ணைத்தான் படிக்கிறோம்" என்கிறது அது. அதுவும் உண்மைதான். பட்டியல் தப்பு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இது போதாதென்று, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர். அவர்களும் சம்மதித்தால்தான் இரண்டு எண்களையும் மாற்ற முடியுமாம். அவர் ஏன் புகார் செய்யப் போகிறார்? அவருக்கு 11 மாதமாக என் பில்தானே போகிறது! முன்பெல்லாம் படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்.

இந்த இடத்தில் உங்கள் தொலைபேசி மையத்தில் மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 38 நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு வந்தார். நான் 417 என்று ஆரம்பித்த உடனேயே, "சார், நீங்கள் படித்தவர்தானே? கம்பி எங்களுடையது இல்லை என்று எத்தனை முறை சொல்வது?" என்றார். அவர் சொன்னது அதுதான் முதல் முறை. என் கேள்வி கம்பியைப் பற்றியதும் அல்ல. யூனிட் ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "சந்தையில் விலை ஏறிவிட்டது, உலகம் முழுக்க அப்படித்தான்" என்றார். விலையைக் கேட்கவில்லை ஐயா, எண்ணிக்கையைக் கேட்கிறேன் என்றேன். 2000-2001இல் கலிபோர்னியாவில் மின்சார வணிகர்கள் சந்தையையே வளைத்தார்கள். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விலை எகிறியது, வீட்டுக் கட்டணத்தை உயர்த்த முடியாமல் அங்கிருந்த பெரிய நிறுவனமான பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் 2001 ஏப்ரலில் திவால் மனுவே கொடுத்தது. அங்கேகூட விலைதான் ஏறியது. சந்தை விலை ஏறினால் என் வீட்டு மின்விசிறி மூன்று மடங்கு வேகமாகவா சுற்றும்?

இதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கரண்ட் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்." அப்புறம் இணைப்பைத் துண்டித்தார். போன் இணைப்பைச் சொல்கிறேன். வீட்டு இணைப்புக்கு நோட்டீஸ் அதற்கு மூன்றாம் நாள் வந்தது.

இருபது வருடமாக பில் கட்டி வருகிறேன், ஒரு தடவைகூட தாமதம் செய்ததில்லை. என்னிடம் அப்படி ஒருவர் பேசலாமா? அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரமே சொன்னது. தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். நாளை தேவைப்பட்டால் வேறு இடத்தில் வைத்துக் கேட்க வைப்பேன்.

மன்னிக்கவும், வரிசை தவறுகிறது. ஃபிரிட்ஜ்.

முதல் மூன்று பில்களும் 612, 655, 731 யூனிட் என்று வந்தன. பழைய வீட்டில் இதே சாமான்களோடு 200ஐத் தாண்டியதில்லை. அப்போது உங்கள் மையத்தில் பேசிய பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார், அதை மறுக்கவில்லை. "பழைய ஃபிரிட்ஜ் என்றால் நிறைய இழுக்கும் சார், மாற்றிப் பாருங்கள்" என்றார். நம்பினேன். குறையே இல்லாத ஃபிரிட்ஜை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினேன். அடுத்த பில் 748. புது ஃபிரிட்ஜ் பழையதைவிட அதிகம் இழுக்கிறதா, இல்லை நான்தான் பைத்தியமா என்று இரவெல்லாம் தூக்கமில்லை. வீட்டில் எல்லோரையும் விளக்கை அணை, விசிறியை அணை என்று விரட்டி, குடும்ப நிம்மதியே போனது. இந்த 11 மாதத்தில் நான் பத்து வயது கூடிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் உங்கள் கட்டண அட்டவணையில் ஒரு வரி இருக்கிறதா?

பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். சேர்ந்த அன்று நீங்கள் கொடுத்த கையேட்டில் "ஏகபோகம் ஒழிந்தது, இனி தேர்வு உங்கள் கையில்" என்று போட்டிருந்ததே, அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 1982இல் சிலி சட்டம் போட்டு உற்பத்தி, மின்செலுத்துகை (உயர் அழுத்தக் கம்பியில் தொலைதூரம் கொண்டுபோவது), பகிர்மானம் என்று பிரித்திருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1990 மார்ச் 31 அன்று ஒரே அரசு வாரியமாக இருந்ததை மூன்று உற்பத்தி நிறுவனமாகவும் ஒரு மின்செலுத்துகை நிறுவனமாகவும் உடைத்தார்கள். பகிர்மானத்துக்குத் தனியாக 12 வட்டார நிறுவனங்கள். வீடுகளுக்கு விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1998-99இல்தான் முழுதாக வந்தது. இந்த யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே தெருவில் இரண்டு நிறுவனம் இரண்டு வரிசைக் கம்பம் நடுவது வீண். ஆகவே கம்பி ஒருவரிடமே இருக்கட்டும், அவர் வாங்கும் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்படுத்தட்டும். உற்பத்தியிலும் விற்பனையிலும் பலர் போட்டி போடட்டும். சரி.

அப்படியென்றால் இதில் உங்கள் வேலை என்ன? நீங்கள் ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்வதில்லை. ஒரு அடிக் கம்பிகூட உங்களுடையது இல்லை. மீட்டர் உங்களுடையது இல்லை, ரீடிங் எடுப்பவர் உங்கள் ஆள் இல்லை. மொத்தச் சந்தையில் வாங்கி எனக்கு விற்கிறீர்கள். என் கைக்கு வந்து சேரும் உங்கள் சரக்கு இரண்டுதான்: ஒரு பில், கேட்டால் ஒரு பதில். பில் தப்பு. பதில் "எங்கள் வேலை இல்லை". மிச்சம் எதற்காக மாதாமாதம் என்னிடம் நிலையான கட்டணம் வாங்குகிறீர்கள்?

உங்கள் தொழிலைப் பற்றி எனக்கு யார் விளக்கினார் தெரியுமா? பகிர்மான நிறுவனத்தின் வாசல் காவலாளி. உங்கள் மையத்தில் "நேரில் போங்கள், கவுன்டர் இருக்கிறது, உடனே மாற்றிக் கொடுப்பார்கள்" என்றார்கள். ஒரு நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறி, கொட்டும் மழையில் போனேன். வீடியோ, பில்கள், நீங்கள் கொடுத்த புகார் எண்கள் எல்லாம் ஒரு பையில், பை ஒரு பிளாஸ்டிக் உறையில். வாசலிலேயே பெரிதாக அறிவிப்பு: "பொதுமக்களுக்கு இங்கு சேவை இல்லை. உங்கள் விற்பனை நிறுவனத்தை அணுகவும்." அந்தக் காவலாளி என்னை உள்ளே ஒதுங்கச் சொல்லி, ஒரு நாற்காலியும் போட்டு, "தினமும் உங்களை மாதிரி நாலு பேர் வருகிறார்கள் சார். கணினி வழியாக அவர்கள் கோரிக்கை போட்டால்தான் இங்கே வேலை ஆர்டர் உருவாகும். அவர்களுக்கே இது தெரியும்" என்றார். உங்களுக்கே தெரியும்! தெரிந்துகொண்டேதான் அனுப்பியிருக்கிறீர்கள். அன்று ஈரத் துணியோடு பஸ்ஸில் திரும்பி வந்ததை மறக்கவே முடியாது. 11 மாதப் பணத்தைக்கூட விட்டுவிடுவேன், அந்த ஒரு நாளை விட மாட்டேன்.

வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. எட்டாவது மாதத்திலிருந்து என் உண்மையான உபயோகத்துக்கு, அதாவது மாதம் 200 யூனிட்டுக்கு உள்ள பணத்தை மட்டும் கட்டி வருகிறேன். மிச்சத்தை நிலுவை என்று காட்டி, என் மாற்ற விண்ணப்பத்துக்கு நீங்கள் ஆட்சேபம் தெரிவித்துவிட்டீர்கள். தப்பான பில்லைப் போடுவதும் நீங்கள், அதைக் கடனாக்குவதும் நீங்கள், கடனைக் காட்டிக் கதவைப் பூட்டுவதும் நீங்கள். கையேட்டில் எழுதியிருந்த "தேர்வு உங்கள் கையில்" இதுதானா?

இப்போது துண்டிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. மீட்டரைச் சரிபார்க்கும் கோரிக்கையைப் பகிர்மான நிறுவனத்துக்கு அனுப்ப 11 மாதம் முடியாத நீங்கள், இணைப்பைத் துண்டிக்கும் கோரிக்கையை மட்டும் ஒரே நாளில் அனுப்பியிருக்கிறீர்கள். தாராளமாக வரட்டும். ஆனால் நோட்டீஸில் உள்ள எண் 417. அதைத் துண்டித்தால் இருட்டில் உட்காரப் போவது பக்கத்து வீட்டுக்காரர், அதுவும் உங்கள் போட்டி நிறுவனத்துக்கு ஒழுங்காகப் பணம் கட்டிவரும் வாடிக்கையாளர். அதற்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீடு என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு முன்கூட்டியே எழுதுகிறேன். பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் இல்லாவிட்டால் எனக்குக் கரண்டே இல்லை என்பது போல அந்த மேற்பார்வையாளர் பேசினார். 2021இல் எரிவாயு விலை ஏறியபோது பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் கடையை மூடின. வாடிக்கையாளர்கள் வீட்டு விளக்கு அணையவில்லை. ஒழுங்குமுறை அமைப்பு அவர்களை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. கம்பியில் வருவது உங்கள் பெயர் எழுதிய மின்சாரம் இல்லை என்பதை அவருக்கு யாராவது சொல்லிவையுங்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது இதுதான். பகிர்மான நிறுவனத்தின் ஆளை வரவழைத்து, இரண்டு வீட்டு மெயினையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எண்களை மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நிறுவனத்தோடு பேசுவது உங்கள் வேலை, என்னை நடுவில் ஓடவிடாதீர்கள். முதல் நாளிலிருந்து 471-இன் ரீடிங்கை வைத்து பில்லைத் திருத்தி, கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தாருங்கள். நோட்டீஸையும் ஆட்சேபத்தையும் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். ஃபிரிட்ஜுக்கும் நான் இழந்த நான்கு நாள் சம்பளத்துக்கும் இழப்பீடு வேண்டும். இது என் பேராசை இல்லை. சேவைத் தரம் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்தில் 57ஆம் பிரிவே இருக்கிறது. அந்த மேற்பார்வையாளர் தன் பெயரைப் போட்டு இரண்டு வரி வருத்தம் எழுதட்டும். மற்றதில் பேசிப் பார்க்கலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் குறைதீர்ப்பாளரிடமும் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் போவேன். மனுக்கள் எழுதித் தயாராக இருக்கின்றன, தேதி மட்டும் போட வேண்டும். வீடியோவோடு 26 அழைப்புகளின் பட்டியலும், வாசல் அறிவிப்புப் பலகையின் புகைப்படமும் அவற்றோடு போகும்.

இப்படிக்கு,
471ஆம் மீட்டரின் வாடிக்கையாளர்

பி.கு.: ஆள் அனுப்புவதாக இருந்தால் நான்காவது மாடி என்று சொல்லி அனுப்புங்கள். ரீடிங் தகராறு என்று போன மாதம் ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வந்தவர் கீழேயே நின்று, "கதவு பூட்டியிருந்தது" என்று சீட்டு எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது பால்கனியில் நின்று அவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.